நாருக்கு இரண்டு முனை

மேலக்கல்துறையில் சிந்துகிற இரத்தம் நிற்கத் தொடங்கிய வருஷம் எது என்று கேட்டால், கடல் ஏறிவந்து பள்ளிக்கூடத்தின் பின்சுவரைக் கொண்டுபோன வருஷம் என்று சிலர் சொல்வார்கள், கோயில் மணியில் கீறல் விழுந்த வருஷம் என்று சிலர் சொல்வார்கள், ஆனால் இஞ்ஞாசியைக் கேட்டால், தொம்மை என் கல்லை மொட்டையடித்ததற்குப் பிறகு என்றுதான் சொல்வார், ஏனென்றால் உலகத்தில் நடந்த எல்லாமே அவருக்கு அதற்கு முன், அதற்குப் பின் என்று இரண்டே பாகம்.

கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் கடலுக்குள் கற்கள் நின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கல் என்று பாட்டன் காலத்திலேயே பிரித்திருந்தார்கள். அலை தணிகிற மாதங்களில் ஆண்கள் மூச்சைப் பிடித்து முங்கி, கல்லில் அப்பிக் கிடக்கிற சிப்பிகளை உளியால் பெயர்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள், பெயர்க்கும்போது குஞ்சுச் சிப்பிகளை மட்டும் தொடாமல் விட்டுவிடுவார்கள், அடுத்த வருஷத்துக்கு அதுதான் விதை. இஞ்ஞாசியின் கல் யானைக்கல். பக்கத்தில் கூம்புக்கல், அது அவருடைய மனைவி மதலேனின் தம்பி தொம்மைக்குச் சொந்தம். ஒரு வருஷம் இஞ்ஞாசி மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டு, கஞ்சி குடித்துத் தேறி, கடலுக்குப் போய்ப் பார்த்தபோது யானைக்கல் சவரம் செய்த தலை மாதிரி இருந்தது, குஞ்சுகூட மிச்சமில்லை. பெருங்காற்று அடித்துக் கொண்டுபோனது என்று தொம்மை சொன்னார். காற்றுக்கு உளி ஏது என்று இஞ்ஞாசி கேட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு யானைக்கல்லில் ஒரு சிப்பியும் ஒட்டவில்லை. இஞ்ஞாசி என்ன செய்தார் என்றால், ஒவ்வொரு வருஷமும் திருவிழாக் கொடியேற்றுகிற அன்று, ஊரே கோயிலில் இருக்கும்போது தான் மட்டும் கடலுக்குப் போய், கல்லில் பிடித்திருக்கிற பாசியையும் பிசிறையும் பழைய சிப்பிகள் விட்டுப்போன நாரையும் உளியால் சுரண்டி, தேங்காய்ச் சவுரி வைத்துத் தேய்த்து, மணப்பெண் வரப்போகிற வீட்டை வெள்ளையடிக்கிறது போலத் துப்புரவாக்கி வைத்தார். வேறு யாரும் தங்கள் கல்லுக்கு அப்படிச் செய்வதில்லை. யாராவது யானைக்கல்லைப் பற்றி வாயைத் திறந்தால், "அவன் அனுப்பினானா உன்னை?" என்று கேட்பார், அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. சிப்பி வரவில்லை. வராத ஒவ்வொரு வருஷமும் தொம்மையின் கணக்கில் புதுக் குற்றமாகச் சேர்ந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அருளப்பனுக்குக் காலில் வெட்டு விழுந்தது. கல்லில் வழுக்கிப் பாதத்தை நீளமாகக் கிழித்துக்கொண்டு கரைக்கு வந்து உட்கார்ந்தார், அவர் மனைவி வியாகுலம் கையில் சுத்தம் செய்துகொண்டிருந்த சிப்பியோடு ஓடிவந்து பாதத்தைப் பிடித்தாள், பிடித்த கையிலிருந்த சிப்பி வாயைத் திறந்து, வெளுத்த நாக்கை நீட்டி, வெட்டு நெடுகிலும் ஒரு நக்கு நக்கி, கல்லில் ஒட்டிக்கொள்வதற்கு விடுமே அதே நாரை அங்கே இழுத்துவிட்டது. குழாயைத் திருகி அடைத்ததுபோல இரத்தம் நின்றது. கிழிந்தது எந்தக் கால் என்று கேட்டால் அருளப்பனுக்கே குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. வியாகுலம் சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மற்றதோடு சேர்த்துக் குழம்பில் போட்டாள்.

மறுநாள் அருளப்பன் வள்ளத்தில் கால் தடுக்கினார். கரையில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த வியாகுலத்தின் கையிலிருந்து குடம் குதித்தது.

நாருக்கு இரண்டு முனை என்பது ஊருக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு முனை காயத்தில், மறுமுனை சிப்பியைப் பிடித்திருந்த கையில். கண்ணுக்குத் தெரியாது, கத்திக்கு அகப்படாது, ஆனால் காயம் பட்டவர் நடந்தால் ஒட்டினவர் கையில் இழுக்கும், ஒட்டினவர் கையை இறுக்கினால் காயம் இருந்த இடம் சுண்டும். தன் கையால் தனக்கு ஒட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தவர்களுக்குச் சிப்பி வாயையே திறக்கவில்லை.

ஊர் இதற்கெல்லாம் ஆச்சரியப்பட்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஊருக்கு வேலை இருந்தது. தாய்மார் பிள்ளைகளின் முழங்கால் சிராய்ப்பையெல்லாம் ஓடி ஓடி ஒட்டினார்கள், பள்ளிக்கூடத்துக்கு என்று போனவன் தென்னந்தோப்புக்குப் போனால் அடுப்படியில் கை இழுத்துச் சொல்லிக்கொடுத்தது, அதனால் கொஞ்சம் வளர்ந்த பயல்கள் அடிபட்டால் தாயிடம் போகாமல் கூட்டாளியிடம் போனார்கள். பங்குச்சாமியார் பிரசங்கத்தில் சிப்பியை எச்சரித்தார், அடுத்த வாரம் கண்ணாடித் தம்ளர் உடைந்து கையைக் கிழிக்க, உபதேசியார் ஒட்டினார், அதற்குப் பிறகு சாமியார் விடியலுக்கு முன் முழந்தாளிடும்போதெல்லாம் தன் தூக்கம் கெடுகிறது என்று உபதேசியார் குறைப்பட, பரவாயில்லையே, சாமியார் உண்மையிலேயே ஜெபிக்கிறார் என்று ஊர் தெரிந்துகொண்டது. நாவிதர் சவரிராயன் பாடுதான் பாவம். கத்தி பட்ட தாடைகளையெல்லாம் அவரே ஒட்டியிருந்தார், அத்தனை ஆண்களும் சோறு மெல்லும்போது அவர் கை வெடவெடத்தது, வெடவெடக்கிற கைக்கு யார் கழுத்தை நீட்டுவார்கள், அந்த வருஷம் மேலக்கல்துறை ஆண்கள் எல்லோரும் தாடியோடு அலைந்தார்கள். ஒரு பெண் மீன் வெட்டுகிற கத்தியில் வேண்டுமென்றே விரலை வைத்து, தனக்குப் பிடித்தவனிடம் ஓடி நீட்டினாள். இரண்டு வீட்டாரும் கூச்சல் போட்டுப் பார்த்துவிட்டு, அறுக்க வழியில்லாததால், கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கக் கொடுத்தார்கள்.

கடைசியில் அது ஒரு முறையாகவே ஆனது. கல்லுக்குப் போகிற ஒவ்வொருவனும் போகுமுன், எனக்கு இரத்தம் வந்தால் இன்னார் ஒட்ட வேண்டும் என்று பெயர் சொல்லிவிட்டுப் போவான். பெயர் சொல்லப்பட்டவன் ஒட்டுக்காரன். ஞானத்தகப்பனுக்குக் கொடுக்கிற மரியாதை ஒட்டுக்காரனுக்கும் வந்தது.

இஞ்ஞாசி யார் பெயரையும் சொல்லவில்லை. அவர் பெயரையும் யாரும் சொல்லவில்லை. ரப்பர் பூட்சு போட்டு, கைகளில் சாக்கைச் சுற்றி, ஒரு சொட்டும் சிந்தாமல் தூரத்துப் பொதுக்கல்லில் சிப்பி எடுத்து வந்தார்.

"சும்மா ஒருத்தன் ஒண்ணு தருவானா? அதுவும் கடல் தருமா?" என்று மதலேனிடம் சொன்னார். "ஊர் முழுக்கக் கயிறு போடுதான் உன் தம்பி. நாளைக்கு ஒரு இழுப்பு இழுத்தா எல்லாரும் அவன் பின்னால போவாங்க, பாத்துக்க."

"சிப்பி ஒட்டுததுக்கு என் தம்பி என்ன செய்வான்?"

"ஒட்டுத சிப்பி முக்காவாசி எந்தக் கல்லுச் சிப்பி? கூம்புக்கல்லு. யோசி."

"யோசிச்சு யோசிச்சுத்தான் ஒமக்குத் தலையில ஒண்ணும் ஒட்டாமப் போச்சு" என்று சொல்லி மதலேன் மீனைத் திருப்பிப் போட்டாள்.

அவளுக்கும் ஒருநாள் விரலில் வெட்டு விழுந்தது. ஒட்டக்கூடாது என்று இஞ்ஞாசி கட்டளை போட்டு, கந்தல் துணியைத் தானே சுற்றிக் கட்டினார். சில நாள் கழித்துத் துணி அவிழ்ந்திருந்தது, விரலில் வெட்டின தடமே இல்லை. யார் ஒட்டியது என்று கேட்டதற்கு, துணி கட்டின மகராசன்தான் என்றாள். அன்றிலிருந்து அவர் அந்த விரலைக் கண்காணித்தார். தொம்மை கரையில் வள்ளத்துக்கு ஆணி அடிக்கும்போது சன்னல் வழியாக அவரைப் பார்த்துவிட்டு, உடனே திரும்பி விரலைப் பார்த்தார். சுத்தியல் பெருவிரலில் விழுந்து தொம்மை கையை உதறினார். மதலேன் விரல் அசையாமல் உள்ளி உரித்துக்கொண்டிருந்தது. இவள் எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்று இஞ்ஞாசி நினைத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர்கள் ஐஸ் பெட்டியோடு வந்தார்கள். ஒரு டாக்டரம்மா கோயில் முற்றத்தில் நின்று விளக்கினார்: உடம்புக்குள் எல்லாம் ஈரம், ஈரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது, சிப்பி மட்டும்தான் அலைக்கு நடுவில் நனைந்த கல்லில் பிடித்து நிற்கிறது, அதன் பசையை நாங்கள் செய்யக் கற்றுக்கொண்டால் தையல் போட முடியாத ஈரலைக்கூட ஒட்டலாம், பிரசவத்தில் இரத்தம் போய்ச் சாகிறவர்களை நிறுத்தலாம். நல்ல பேச்சு. எல்லோரும் தலையாட்டினார்கள். எலிக்கு ஒட்டிப் பார்த்தோம், உடனே நின்றது என்றும் சொன்னார். எலியை ஒட்டின கைக்கு என்ன ஆச்சு என்று இஞ்ஞாசி பின்வரிசையிலிருந்து கேட்டார். டாக்டரம்மா சிரித்தார். ஆனால் பேசி முடிக்கும்வரை அவருடைய வலது கை, எலிக்கூண்டு வைத்திருந்த வண்டியின் பக்கமாகத் துள்ளித் துள்ளிப் போய்க்கொண்டிருந்ததை இஞ்ஞாசி பார்த்தார், வேறு யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் மரியாதைக்காகச் சொல்லவில்லை.

கொடியேற்றுகிற நாள் வந்தது. ஊர் கோயிலுக்குப் போனது. இஞ்ஞாசி சின்னக் கட்டுமரத்தில் யானைக்கல்லுக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில், கல்லடியில் மேடைபோல நீட்டிக்கொண்டிருக்கிற தட்டில் நின்று, உளியை எடுத்தார். கூம்புக்கல்லில் தொம்மை முங்கிக்கொண்டிருந்தார், கொடியேற்று விருந்துக்குச் சிப்பி கொடுப்பது அவர் குடும்பத்து வழக்கம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதில் பழகியவர்கள், ஒரு கல்லும் இன்னொரு கல்லும் பார்க்காமல் நிற்பது மாதிரி நின்றார்கள்.

ஒரே ஒரு பெரிய அலை வந்தது. தொம்மையைத் தூக்கி யானைக்கல்லின் மேடையில், தண்ணீருக்கு மேலே தெரிகிற விளிம்பில் எறிந்துவிட்டுப் போனது, எறிந்தபோது அவர் கையிலிருந்த அவருடைய உளியே அவர் இடது தொடையில் இறங்கி வெளியே வந்தது. இரத்தம் கசியவில்லை, பீச்சியது. நுரை சிவந்தது.

இஞ்ஞாசி முதலில் நினைத்தது, இதில் என்ன சூது என்றுதான்.

"அத்தான்" என்றார் தொம்மை. அந்தச் சொல்லை அவர் சொல்லி எத்தனையோ வருஷம் ஆயிற்று. இஞ்ஞாசிக்கு அதிலும் சந்தேகம் வந்தது.

தலையில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டை அவிழ்த்து, தொடையில் சுற்றி, முழங்காலை வைத்து அழுத்தி இறுக்கினார். துவர்த்து நனைந்து சிவந்து, இரத்தம் அதன் வழியாகவே வந்தது. இன்னும் இறுக்கினார். இன்னும் வந்தது. கோயில் பக்கம் வெடி போட்டார்கள், கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது.

"பையில சிப்பி கிடக்கு" என்றார் தொம்மை.

"ஒன் கல்லுச் சிப்பி."

"பின்ன ஒம்ம கல்லுச் சிப்பிக்கு நான் எங்க போவேன்?" தொம்மையின் உதடு வெளுத்திருந்தது, ஆனாலும் அதன் ஓரத்தில் இளிப்பு இருந்தது. "வேய், துவர்த்த நம்பினா நான் கல்லறைக்குப் போவேன், நீரு ஸ்டேஷனுக்குப் போவீரு. உளிக்குத்து. நாம ரெண்டு பேரு மட்டும். ஊரு என்ன சொல்லும்?"

ஊர் என்ன சொல்லும் என்று இஞ்ஞாசிக்குத் தெரியும். அவராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். இவன் செத்தாலும் என்னைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் சாவான், பிழைத்தாலும் கட்டிப்போட்டுவிட்டுத்தான் பிழைப்பான் என்று அவருக்கு ஆத்திரம் பொங்கியது. கையிலிருந்த சாக்கைப் பல்லால் கடித்து உருவினார். பையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்து வெறுங்கையில் பொத்தி, துவர்த்தை விலக்கி, பீச்சுகிற இடத்தில் வைத்தார்.

சிப்பி வாய் திறந்தது. நாக்கை உள்ளே வெகுதூரம் விட்டு, தேடி, நக்கி, நாரை இழுத்தது. இரத்தம் நின்றது. இஞ்ஞாசியின் உள்ளங்கையில், சட்டைப் பித்தானில் தலைமுடி சிக்கினால் எப்படியோ அப்படி ஒரு சுருக்கு விழுந்தது.

கட்டுமரத்தில் கரைக்குத் துடுப்புப் போடும்போது தொம்மை படுத்தபடியே யானைக்கல்லைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்குச் சுரண்டல் நின்னுபோச்சு, இல்லையா?"

"நாளைக்குச் சுரண்டுவேன்."

"சுரண்டும். குஞ்சுச் சிப்பி வழுவழுன்னு இருக்க கல்லுல ஒட்டாது வேய். பாசியில, பிசிறுல, பழைய நாருலதான் முதல்ல காலு ஊணும். நீரு வருஷா வருஷம் அதக் கழுவித் தொடச்சு வைக்கீரு. அது எதப் பிடிச்சு நிக்கும்?"

"லாபம் இல்லாம நீ ஒரு வார்த்த சொல்லமாட்ட."

"சரி, சுரண்டும்" என்று சொல்லிவிட்டுத் தொம்மை கண்ணை மூடினார்.

இஞ்ஞாசி சுரண்டவில்லை. நம்பியதால் அல்ல. ஒரு வருஷம் சுரண்டாமல் விடுவேன், சிப்பி வராது, அடுத்த கொடியேற்றன்று ஊர்க் கமிட்டி முன்னால் இவன் பொய்யன் என்று நிரூபிப்பேன், அதற்காகத்தான் என்று மதலேனிடம் சொன்னார். "அதுக்காவது விட்டீரே" என்று அவள் சொன்னாள்.

அந்த வருஷம் அவருடைய உள்ளங்கை அவருடையதாக இல்லை. தொம்மை எழுந்தால் இழுத்தது, உட்கார்ந்தால் தளர்ந்தது, சாராயக்கடைக்குப் போனால் வடக்கே இழுத்தது, கடன் கேட்பவர்களுக்கு ஒளிந்து பின்வாசல் வழியாகத் திரும்பினால் சுற்றி இழுத்தது. தொம்மை வள்ளத்தில் ஏறக் காலைத் தூக்குகிற சமயம் பார்த்து இஞ்ஞாசி கையை இறுக்கி மூடுவார். வள்ளத்தடியில் தொப்பென்று சத்தம் கேட்கும். இஞ்ஞாசி வீட்டில் சோற்றுக்கு உட்கார்கிற நேரம் தொம்மைக்குத் தெரியும், சரியாக அந்த நேரத்தில் காலைத் தரையில் உதைப்பார், உருட்டின சோறு வாய்க்கு வராமல் சுவருக்குப் போகும். மதலேன் சுவரைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பேரும் பேசிக்கிட்டா இதவிடச் சத்தம் கம்மியா இருக்கும்" என்பாள். ஊர் இதையும் வழக்கமாக எடுத்துக்கொண்டது. தொம்மை எங்கே என்று யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் இஞ்ஞாசி வீட்டு வாசலில் வந்து கேட்பார்கள், அவர் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு கையை நீட்டி, "அங்க, ஐஸ் பேக்டரிப் பக்கம்" என்பார்.

ஆனால் கையின் முக்கியமான வேலை அதுவல்ல. யானைக்கல் பக்கம் இவன் போகிறானா என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு வேளை குஞ்சைக் கொண்டுவந்து ரகசியமாக ஒட்டிவிட்டு, பார்த்தீரா நான் சொன்னது சரி என்று சொல்லமாட்டான் என்று என்ன நிச்சயம்? இஞ்ஞாசி தூங்கும்போதும் உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துக்கொண்டே தூங்கினார். தொம்மையின் கால் கோயிலுக்குப் போனது, கடைக்குப் போனது, கரையில் வலை தைக்கப் போனது. உளி ஆழமாக இறங்கியிருந்ததால் தொடை வலித்து, பல நாள் எங்கேயும் போகாமல் கிடந்தது. அவர் கல்லுக்கே போகவில்லை, கூம்புக்கல்லில் அவருக்குப் பதில் மருமகன்தான் முங்கினான், அந்த மருமகன் அருளப்பனின் மகன், அவனுக்கு ஒட்டினவள் தாய் வியாகுலம், அவன் எங்கே போனாலும் அவள் கைக்குத் தெரியும், இஞ்ஞாசி அவளிடமும் விசாரித்து வைத்திருந்தார்.

மழைக்காலம் கழிந்து கடல் தெளிந்தது. கொடியேற்றுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு காலையில் இஞ்ஞாசி நிரூபணத்தைப் பார்த்து வரப் போனார். யானைக்கல் முழுக்கப் பச்சைப் பாசி படர்ந்து, அலை விலகும்போதெல்லாம் தலைமுடி மாதிரி தொங்கியது. அழுக்கு என்று நினைத்து ஒரு கொத்தை விரலால் விலக்கினார்.

அடியில் எள் கொட்டினது மாதிரி இருந்தது.

அவர் இன்னொரு கொத்தை விலக்கினார். அங்கும் இருந்தது. ஒரு குஞ்சை நகத்தால் நெம்பிப் பார்த்தார், அது வரவில்லை, பாசியைப் பிடித்துக்கொண்டிருந்தது. கல்லைச் சுற்றி வந்தார், நெஞ்சளவு தண்ணீரில் பின்பக்கமும் போய்ப் பார்த்தார். எங்கும் இருந்தது.

வந்து ஒட்டிவிட்டான் என்று அவர் வாய் தானாகச் சொன்னது. சொன்னதும் உள்ளங்கையைப் பார்த்தார். அந்தக் கை வருஷம் முழுக்க ஒரு நிமிஷமும் கண்ணயரவில்லை. தொம்மை வரவில்லை. யாரும் வரவில்லை. சந்தேகப்பட ஊரில் ஒரு ஆளைத் தேடினார், கிடைக்கவில்லை, காற்றின்மேல் போட முடியுமா என்று பார்த்தார், அதுவும் முடியவில்லை. பெருங்காற்றுக்குப் பிறகு ஒவ்வொரு கொடியேற்றன்றும் இந்தக் கல்லின்மேல் உளியோடு நின்றவன் யார் என்ற கேள்வி, அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் வந்து நின்றது. தண்ணீர் குளிர்ந்தது. அவர் தன்னையறியாமல் கையை இறுக்கி மூடினார், மூடினதைத் திறக்க மறந்து நின்றார்.

கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த தொம்மை தொடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்து, காலை இழுத்து இழுத்து, மருமகனின் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு, வசவு பேசியபடி வந்து சேர்ந்தார்.

"என்ன வேய், எதுக்குக் காலப் பிடுங்குதீரு? உசுரு போகுது."

இஞ்ஞாசி கல்லுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுமில்ல. போ."

"ஒண்ணுமில்லன்னா அங்க என்ன மறைக்கீரு?"

"என் கல்லு. நான் மறைப்பேன்."

தொம்மை கட்டுமரத்திலிருந்து இறங்கினார். இறங்கிய இடத்தில் தண்ணீர் அவர் தொடைக்கு வந்தது. கேலி செய்யப்போகிறான் என்று இஞ்ஞாசி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார், வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்ததை எல்லாம் ஒரேயடியாகக் கொட்டப்போகிறான். கேலி வரவில்லை, தொம்மை காலை அகட்டி ஊன்ற இடம் தேடினார். இஞ்ஞாசியின் உள்ளங்கையில் மட்டும் ஒரு நடுக்கம் வந்தது, மெல்லியதாக, விடாமல். குளிர்ந்த தண்ணீரில் அந்தத் தொடை நடுங்குகிறது என்று கை சொன்னது, நிற்கச் சிரமப்படுகிறது என்று சொன்னது, அந்தப் பக்கமாகத்தான் அலை வருகிறது என்று அவருக்கே தெரிந்தது.

இஞ்ஞாசி நகர்ந்தார். ஒரு ஆள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு மட்டும் நகர்ந்தார், அதற்கு மேல் இல்லை, நகர்ந்து தொம்மைக்கும் அலைக்கும் நடுவில் போய் நின்றார். ஏன் அங்கே நின்றீர் என்று பிற்பாடு மதலேன் கேட்டதற்கு, கல்லில் கை வைக்கிறானா என்று அங்கிருந்து பார்த்தால்தான் நன்றாகத் தெரியும் என்றார்.

"பாரு" என்றார். "பாத்துட்டுப் போ. தொடாத."